நிழலிலிருந்து பொருள்

நுழையும்முன்

மூளையைத் திறந்து பார்க்காமலே அதனுள் குருதி எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுவிட்டது என்பதை இன்று படமாகக் காண்கிறோம். இதற்கு உதவிய அறிஞர்களுள் சிலர் மருத்துவர்கள், சிலர் பொறியாளர்கள், சிலர் மருத்துவமனைக்குள் பணியாற்றாத இயற்பியலாளர்கள். அவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜி.என். இராமச்சந்திரன். எலும்பையும் தோலையும் ஆக்கும் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்த அவர், மூளையின் படத்தை விரைவாகத் தீட்டும் கணித முறை ஒன்றையும் அளித்தார்.

கரிசலில் எழும் கேள்வி

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு எழுத்தாளர்களால் தமிழுலகம் அறிந்த ஊர் அது. வானம் பார்த்த கரிசல் பூமியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவித்து வாழும் மக்கள், ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கையும் காலும் அசையாமற்போனால் அவருக்குக் கை கால் விழுந்துவிட்டது என்பார்கள். மருத்துவம் அதனைப் பக்கவாதம் என்கிறது.

நோய் உண்மையில் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயில் இருக்கிறது. அக்குழாய்க்கு இரண்டு வகையில் கேடு நேரலாம். ஒன்று, குருதிக்கட்டி வந்து அடைத்துக்கொள்வது. மற்றொன்று, குழாய் வெடித்துக் குருதி வெளியே கசிவது. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து தரவேண்டும். கசிவு என்றால் அதே மருந்து உயிரைப் பறித்துவிடும். ஒன்றுக்கு அமுதமாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. ஆனால் கட்டிலில் கிடக்கும் நோயாளியை வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் பெரும்பாலும் ஒரே தோற்றம் தருகின்றன.

கடலூரோ கோவில்பட்டியோ இலண்டனோ, 1970ஆம் ஆண்டுவரை எந்த ஊர் மருத்துவரும் இக்கேள்விக்கு உறுதியான விடையை எளிதில் பெற முடியவில்லை. மூளை மண்டையோட்டுக்குள் மறைந்திருந்தது.

ஒற்றை நிழலின் எல்லை

1895இல் இராண்ட்ஜன் ஊடுகதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் உடலை ஊடுருவிச் சென்று மறுபுறம் ஒரு நிழலை வீழ்த்தின. எலும்பு முறிவைக் காண அந்நிழல் போதுமானதாக இருந்தது. மூளையோ மென்மையான திசு. மண்டையோட்டின் அடர்ந்த நிழலில் அதன் மெல்லிய நிழல் கரைந்துவிட்டது.

1927இல் போர்த்துக்கல் நாட்டு நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் ஒரு வழி கண்டார். ஊடுகதிரைத் தடுக்கும் அயோடின் உப்புக் கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படமெடுத்தார். மூளையின் குருதிக் குழாய்கள் கிளை விரித்த மரம்போல் படத்தில் தெரிந்தன. எந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது என்பதை அதில் காண முடிந்தது. ஆயினும் குழாய் தெரிந்ததே அன்றி, அதைச் சுற்றியுள்ள மூளைத் திசுவின் நிலை தெரியவில்லை. தமனியில் நேரே மருந்து செலுத்துவதில் ஆபத்தும் இருந்தது.

ஒரு நிழலைக் கொண்டு பொருளின் உள்ளமைப்பை அறிய முடியாது. முற்றாத பனங்காய் ஒன்றை வெயிலில் பிடித்தால் தரையில் விழுவது வட்டமான ஒரு நிழல் மட்டுமே. உள்ளே நுங்கு இரண்டா, மூன்றா என்பதை அது சொல்லாது. காயின் தலையைச் சீவினால்தான் கண்கள் தெரியும். மூளையைச் சீவாமலே அதன் குறுக்குவெட்டைக் காண்பது எப்படி என்பதே அறிவியலாளர் முன் நின்ற கேள்வி. பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு பொருளின் குறுக்குவெட்டைக் கணக்கிடலாம் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான் 1917இலேயே நிறுவியிருந்தார். ஆனால் அக்கணக்கு நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது.

இளமையும் கல்வியும்

ஜி.என். இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்தில் நிற்கும் கோபாலசமுத்திரம் நெல்லைச் சீமையின் ஊர்ப்பெயர். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கின் நுட்பங்களை மகன் வீட்டிலேயே கற்றான். வாழ்நாள் முழுவதும் இராமச்சந்திரனின் ஆய்வுகள் அனைத்திலும் கணிதமே அடித்தளமாக அமைந்ததற்கு இந்த இளமைப் பயிற்சி காரணம்.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பை 1942இல் முதன்மையான தேர்ச்சியுடன் முடித்தார். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. இராமன் பேராசிரியராக இருந்தார். அவர்பால் ஈர்க்கப்பட்ட மாணவர் விரைவில் மின்பொறியியலை விட்டு இயற்பியலுக்கு மாறினார். இராமனிடம் ஒளியியலையும் படிகங்களையும் பயின்றார். வைரத்தின் உள்ளமைப்பை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தார்.

பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆய்வு மேற்கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். படிகத்துள் செல்லும் ஊடுகதிர் சிதறி, படச்சுருளில் புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் எங்கெங்கே அமைந்துள்ளன என்று கணக்கிடுவதே படிகவியல். உள்ளே இருப்பதை வெளியே விழும் தடயத்தால் உணரும் இக்கலையில் இராமச்சந்திரன் தேர்ந்தார்.

சென்னையில் பதினெட்டு ஆண்டுகள்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் புகழ்பெற்ற மருத்துவர். இளம் பேராசிரியருக்கு அவர் தந்த ஆதரவால் கிண்டி வளாகத்தில் புதிய ஆய்வகம் உருவாகியது. வசதிகள் குறைவு. ஆயினும் வெளிநாட்டு ஆய்வகங்களோடு போட்டியிடத்தக்க ஒரு சிக்கலை அவர் நாடினார்.

அச்சிக்கல் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு. தோல், தசைநாண், எலும்பு, குருதிக் குழாயின் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இப்புரதமே. அருகிலிருந்த மையத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவருக்குத் துணைநின்றது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த இழைகளும் ஆய்வுக்குப் பயன்பட்டன. 1954இல் இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்பதை உலகிற்கு அறிவித்தனர். மறு ஆண்டே அம்மூன்று இழைகளும் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிச் செல்கின்றன என்று தம் அமைப்பைத் திருத்தி மேம்படுத்தினர்.

மேலைநாட்டு அறிஞர்கள் சிலர், அந்த அமைப்பில் அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்பதாகக் குறை கூறினர். இராமச்சந்திரன் மனம் சோரவில்லை, சினக்கவும் இல்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே அடுத்த ஆய்வாக எடுத்துக்கொண்டார். அதன் விளைவாக 1963இல் வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் இணைந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்ப்போர் அனைவரும் பயன்படுத்துவது அந்த இராமச்சந்திரன் வரைபடமே. ஒரு கண்டனம் ஒரு பெரிய கண்டுபிடிப்பிற்கு வாயிலாகியது.

நிழல்களைக் கூட்டும் கணக்கு

1970இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டு மீண்டும் பெங்களூரு சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அதே ஆண்டு, படிகவியலில் ஃபூரியர் முறைகளைப் பற்றி ஆர். சீனிவாசனுடன் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. சிக்கலான ஒரு வடிவத்தை எளிய அலைகளின் தொகுப்பாகப் பிரித்துக் காண்பதே ஃபூரியர் முறை. அம்முறையில் தேர்ந்தவராகிய அவர், அதன் குறையையும் நன்கு அறிந்திருந்தார்.

நிழல்களிலிருந்து குறுக்குவெட்டை மீட்க அதுவரை பலர் கையாண்டது ஃபூரியர் முறையையே. ஒவ்வொரு நிழலையும் அலைகளாக மாற்ற வேண்டும். அவற்றை ஒரு தளத்தில் பொருத்த வேண்டும். இடைவெளிகளை மதிப்பிட்டு நிரப்ப வேண்டும். பின்னர் அனைத்தையும் மீண்டும் படமாக மாற்ற வேண்டும். அக்காலக் கணினிகளுக்கு இது பெரும் சுமை. இடையிடையே பிழைகளும் புகுந்தன.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்புவது. எல்லாத் திசை நிழல்களும் சந்திக்கும் இடத்தில் பொருள் தோன்றும். ஆனால் பரப்பிய ஒவ்வொரு நிழலும் பொருள் இல்லாத இடத்திலும் சிறிது சாயத்தைப் பூசிவிடுகிறது. ஆகவே கிடைக்கும் படம் பனிமூட்டத்தில் பார்த்ததுபோல் மங்கியிருக்கும்.

இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அந்த மூட்டத்தை முன்கூட்டியே நீக்கும் கணக்கைத் தந்தனர். நிழலைத் திரும்பப் பரப்புவதற்கு முன் அதன் ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு திருத்த வேண்டும். நடுப்புள்ளியின் மதிப்பை 1/4ஆல் பெருக்க வேண்டும். இருபுறமும் முதல் அண்டைப் புள்ளியின் மதிப்பில் ஏறத்தாழ 1/10 பங்கைக் கழிக்க வேண்டும். இரண்டாம் புள்ளியைத் தொடவேண்டியதில்லை. மூன்றாம் புள்ளியில் ஏறத்தாழ 1/90 பங்கைக் கழிக்க வேண்டும். இவ்வாறு ஒற்றைப்படைப் புள்ளிகள் குறைந்துகொண்டே செல்லும் எடையுடன் கழியும். இரட்டைப்படைப் புள்ளிகள் கணக்கில் வாரா. திருத்திய நிழல்களைப் பரப்பினால், ஒன்று பூசும் சாயத்தை மற்றவை துடைத்துவிடும். படம் தெளிவாகும். இதனைக் கன்வல்யூஷன் முறை என்பர். பெருக்கலும் கூட்டலும் மட்டுமே போதும் என்பதால் கணினி இதனை விரைந்து செய்தது.

இக்கணக்கு 1971ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழ் ஒன்றில் இராமச்சந்திரன் எழுதிய கட்டுரைக்கு, நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல் என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டியிருந்தார். வானொலி வானியலில் இதனையொத்த முறையை பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவர் 1967இல் தந்திருந்தனர். அறிவியலில் ஒரே உண்மையை வெவ்வேறு வாயில்களின் வழியே பலர் அடைவதுண்டு. ஊடுகதிர்ப் படத்திற்கு அதனைப் பொருத்திக் காட்டியது இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் செய்த பணி.

கருவியும் கணக்கும்

அக்கட்டுரை வெளியான மறு மாதம், 1971 அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகச் சி.டி. ஸ்கேன் கருவியால் படமெடுக்கப்பட்டது. கருவியை அமைத்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியாளர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். அவர் செய்த தொடக்கச் சோதனைகளில் ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. மருத்துவமனைக் கருவி தந்த முதற்படம் 80 வரிசையும் 80 நிரலும் கொண்ட 6,400 சிறு கட்டங்களால் ஆனது. இன்றைய கண்ணுக்கு அது தெளிவற்றதே. ஆயினும் உயிருள்ள மனிதரின் மூளைத் திசுவை மருத்துவர்கள் அப்போதுதான் குறுக்குவெட்டாகக் கண்டனர்.

ஹவுன்ஸ்ஃபீல்ட் கையாண்டது வேறு கணக்கு. தோராயமான படத்தை மீண்டும் மீண்டும் திருத்திச் செல்வது. அவருடைய கருவி 1972இல்தான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே இராமச்சந்திரன் தம் கட்டுரையை எழுதியபோது அத்தகைய கருவி ஒன்று உருவாகிவருவதை வெளியுலகம் அறியாது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் சி.டி. கருவிகள் கன்வல்யூஷன் முறைக்கு மாறின. ஒரு நிழலைப் பதிவு செய்தவுடனே அதனைத் திருத்திப் பரப்பத் தொடங்கலாம் என்பதால் படம் உடனுக்குடன் கிடைத்தது. பல பத்தாண்டுகள் உலகின் சி.டி. கருவிகளில் இவ்வழியே முதன்மையாக விளங்கியது. இருவர் பெயரின் முற்பகுதிகளையும் சேர்த்து, அந்தத் திருத்தக் கணக்கைப் பொறியாளர்கள் இன்றும் ராம்–லாக் என்று அழைக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால் உடல் ஏற்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி தேவை. இவ்வளவு 20க்குக் கீழே குறைந்தால் நரம்பணுக்கள் தம் பணியை நிறுத்துகின்றன. 10க்குக் கீழே சென்றால் விரைவில் மடிகின்றன.

புறநிழலில் நிற்கும் மூளை

கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் அடைபட்டால் எல்லா வயலும் ஒரே நாளில் காய்வதில்லை. அடைப்புக்கு அருகே உள்ள பயிர் முதலில் கருகும். பக்கத்து வாய்க்கால்களின் கசிவு சிறிதேனும் எட்டும் இடங்களில் பயிர் வாடினாலும் உயிரோடு நிற்கும். மூளையிலும் அவ்வாறே. தமனி அடைபட்டால் நடுப்பகுதி சில நிமிடங்களில் மடிகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி பணியை நிறுத்திவிட்டாலும் இன்னும் மடியாமல் காத்திருக்கிறது. 1977இல் ஆய்வாளர்கள் இப்பகுதிக்குக் கிரகணப் பாடத்தில் நாம் கற்ற புறநிழல் என்னும் பெயரையே இட்டனர். கருநிழலில் சிக்கியதை மீட்க முடியாது. புறநிழலில் நிற்பதை மீட்கலாம்.

அந்தப் புறநிழல் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதை அறியவே குருதியோட்டத்தைப் படமெடுக்கின்றனர். கையின் சிரையில் அயோடின் மருந்தைச் செலுத்தி, மூளையின் ஒரே குறுக்குவெட்டை ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். குருதியுடன் மருந்து வரும்போது திசு வெண்மையாகும். மருந்து கடந்து சென்றதும் மங்கும். வெண்மை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாமதித்து வந்தது என்பதைக் கட்டந்தோறும் அளந்து, குருதியின் அளவையும் வேகத்தையும் கணினி வண்ணப் படமாகத் தீட்டும். இம்முறைக்கான கோட்பாட்டை 1980இல் அமெரிக்க மருத்துவர் லியோன் ஆக்செல் வகுத்தார். ஒரு நிமிடத்திற்குள் பல படங்கள் வேண்டும் என்னும்போது, ஒவ்வொரு படத்தையும் நொடியில் தீட்டவல்ல கணக்கு இல்லாமல் இது இயலாது.

கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணிநேரத்திற்குள் தரவேண்டும். இடைசெவல் போன்ற ஊரில் உள்ளவருக்கு அந்நேரத்தின் ஒரு பகுதி சாலையிலேயே கழிகிறது. வாய் கோணியதைக் கண்டவுடன் 108 ஊர்தியை அழைக்காமல், வீட்டு வைத்தியத்திலும் மந்திரிப்பதிலும் பொழுதைப் போக்கினால் எஞ்சிய பகுதியும் கழிந்துவிடும். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனையை நேரத்தில் அடைந்துவிட்டால், அடைப்பா கசிவா என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைக்கிறது. கணக்கு தன் பங்கை விரைந்து முடித்துவிடும். மக்கள் தம் பங்கை விரைந்து செய்ய வேண்டும்.

பரிசும் பயனும்

1979ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு சி.டி. முறைக்கு வழங்கப்பட்டது. கருவியை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டும், 1963, 1964ஆம் ஆண்டுகளில் அதற்கான கோட்பாட்டை வெளியிட்ட ஆலன் கார்மாக்கும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். இருவரும் அதற்கு முற்றிலும் தகுதியானவர்களே. இராமச்சந்திரனுக்கு 1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் சிறப்பும், 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவரோ ஒரு துறையில் பெயர் நிலைத்ததும் அடுத்த கேள்வியை நோக்கிச் சென்றார். பிற்காலத்தில் இந்தியத் தருக்கவியலைக் கணித மொழியில் எழுதிக்காட்டும் முயற்சியில் ஈடுபட்டார். கருநாடக இசையிலும் மெய்யியலிலும் தோய்ந்தார்.

இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியது. மூளையில் இயக்கத்தை ஆளும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாகத் தேய்வதால் வரும் நோய் அது. சி.டி. படத்தில் அத்தேய்வு தெளிவாகத் தெரிவதில்லை. பிறர் மூளையைக் காணும் கணக்கைத் தந்தவரின் நோய், அந்தக் கணக்கின் எல்லைக்கு அப்பால் இருந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

அவர் உருவாக்கிய துறை கிண்டியில் இன்றும் இயங்குகிறது. அவர் வடிவம் கண்ட கொலாஜன் நம் ஒவ்வொருவரின் குருதிக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. இன்றைய சி.டி. கருவிகளில் புதிய கணக்குகள் பல சேர்ந்துள்ளன. அவற்றைப் பயில்வோர் முதலில் கற்பது நிழலைத் திருத்திப் பரப்பும் பழைய கணக்கையே. பதினோராம் வகுப்பில் கூட்டலும் பெருக்கலும் அறிந்த மாணவர் எவரும், தாளில் ஐந்தாறு புள்ளிகளை எழுதி அதைச் செய்து பார்க்கலாம்.